இந்தத் தரவு உங்களிடம் எப்படி வந்தது?

ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் பக்கம் உதவி செய்வது என் வேலை. எந்தத் துறை என்றெல்லாம் பார்ப்பதில்லை. காலையில் கணக்கியல் மாணவி ஒருவர் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளோடு வருவார், அவர் போனதும் சட்டத் துறையிலிருந்து ஒருவர் நூற்றுக்கணக்கான தீர்ப்புகளைத் தொகுத்துக்கொண்டு வந்து உட்காருவார், மதியத்துக்கு மேல் உணவு அறிவியல், அப்புறம் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் படங்களை வைத்து மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாத துறைகள். ஆனால் இவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். இந்தத் தரவு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

பெரும்பாலும் எந்தத் தளத்திலிருந்து இறக்கினேன், எந்த ஆஸ்பத்திரி கொடுத்தது என்று பதில் வரும். சரி, அந்தத் தளத்துக்கு அது எப்படி வந்தது? வந்ததையும் வராததையும் பிரித்தது யார், எதைப் பார்த்துப் பிரித்தார்? இந்த இடத்தில் கொஞ்சம் மௌனம் விழும். அந்த மௌனத்துக்குள்தான் பாதி ஆய்வேடுகளின் பலவீனம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாலு துறைகளும் தனித்தனியாக இதே பள்ளத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன, தனித்தனியாக அதற்குப் பாலமும் கட்டியிருக்கின்றன, ஆனால் ஒருவர் கட்டியது அடுத்தவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம், அங்கே இருக்கும் உதாரணம் பலரும் கேள்விப்பட்டது. 2011-இல் டான்சிகர், லெவாவ், அவ்னைம்-பெஸ்ஸோ என்ற மூவர் இஸ்ரேலின் பரோல் வாரியங்களைப் பற்றி, அதாவது கைதிகளைத் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடலாமா என்று முடிவு செய்யும் வாரியங்களைப் பற்றி, ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 8 நீதிபதிகள், 1,112 முடிவுகள். ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 65 சதவீத மனுக்கள் கைதிக்குச் சாதகமாக முடிகின்றன. நேரம் போகப் போக அது சரிந்துகொண்டே வந்து, இடைவேளைக்குச் சற்று முன்னால் கிட்டத்தட்டப் பூஜ்யம். நீதிபதி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் 65. அந்த வரைபடம் ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும். பசி வந்தால் நீதி போய்விடுகிறது என்ற ஒரு வரிச் செய்தியாக அது உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது, இன்றைக்கும் மேடைகளில் சொல்கிறார்கள்.

அதே வருடம், அதே இதழில், வைன்ஷால்-மார்கெல், ஷாப்பார்ட் என்ற இருவர் ஒரு மறுப்பு எழுதினார்கள். அதில் பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. அந்த வாரியங்களில் வேலை செய்கிறவர்களிடம் போய், வழக்குகளை என்ன வரிசையில் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். வரிசை குலுக்கல் முறையில் வரவில்லை என்று தெரிந்தது. ஒரு சிறையிலிருந்து வந்த மனுக்களை முடித்துவிட்டுத்தான் இடைவேளை விடப் பார்க்கிறார்கள், அடுத்த சிறையை இடைவேளைக்குப் பிறகு தொடங்குகிறார்கள். ஒரு சிறையின் மனுக்களுக்குள், வக்கீல் வைத்துக்கொள்ளாத கைதிகள் வழக்கமாகக் கடைசியில் வருகிறார்கள். வக்கீல் இல்லாதவருக்குப் பரோல் கிடைப்பது எப்போதுமே அரிது. ஆக, இடைவேளைக்கு முன்னால் விழும் அந்தச் சரிவில் பசிக்கு எவ்வளவு பங்கு, வரிசைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது போகிறது.

மூல ஆசிரியர்கள் பதில் எழுதினார்கள், வக்கீல் உண்டா இல்லையா என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் விளைவு நிற்கிறது என்றார்கள். அத்தோடு முடியவில்லை. 2016-இல் க்ளோக்னர் இன்னொன்றைக் காட்டினார். சாதகமான முடிவுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று மூலக் கட்டுரையிலேயே இருக்கிறது: சராசரியாக 7.4 நிமிடம், மறுப்பதற்கு 5.2. இடைவேளை நெருங்கும்போது நீண்ட வழக்கைத் தொடங்க வேண்டாமே என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். அப்படி நினைத்தாலே போதும், கடைசி இடங்களில் குறுகிய வழக்குகள், அதாவது மறுக்கப்படும் வழக்குகள், அதிகமாக வந்து சேரும். கணினியில் அப்படி ஒரு வாரியத்தைச் செயற்கையாக ஓடவிட்டால் சரிவின் ஒரு பகுதி பசியே இல்லாமல் வந்துவிடுகிறது. பசி தீர்ப்பை மாற்றவே மாற்றாது என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பிடும் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு 65-இலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு எண் விழுகிறது என்றால், பசியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் வரிசையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்க ஒரு அலுவலக ஊழியரிடம் பேசினால் போதும். இந்த மறுப்புக் கட்டுரையை நான் எல்லா மாணவர்களுக்கும் படிக்கக் கொடுப்பது அதனால்தான், எக்ஸ்ரே மாணவர்களுக்கும் சேர்த்து.

வரிசை ஒரு பக்கம் என்றால், வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதே இன்னும் பெரிய வடிகட்டல். 1980-இல் ஃபெல்ஸ்டினர், ஏபெல், சாரட் மூவரும் இதை அழகாகப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார்கள். தனக்கு நடந்தது ஒரு பாதிப்பு என்று முதலில் உணர வேண்டும், பிறகு அதற்கு இன்னார் காரணம் என்று நினைக்க வேண்டும், பிறகு அவரிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் மறுக்க வேண்டும், அப்போதுதான் அது ஒரு தகராறாகவே ஆகிறது. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் உதிர்ந்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்களில் சிலர் வக்கீலிடம் போகிறார்கள், அதிலும் சிலர்தான் வழக்குப் போடுகிறார்கள், போட்டதிலும் பெரும்பாலானவை சமரசத்தில் முடிகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1962-இல் முடிந்த சிவில் வழக்குகளில் 11.5 சதவீதம் விசாரணை வரை போனது, 2002-இல் அது 1.8 சதவீதம் என்று மார்க் கேலன்டர் காட்டினார். தீர்ப்புத் தொகுப்பை வைத்து ஆய்வு செய்கிறவர் கையில் இருப்பது இந்த மிச்சத்தின் மிச்சம்.

அந்த மிச்சம் சும்மா சின்னதாக இருந்தால் பரவாயில்லை, சின்னத் தொகுப்பை வைத்தும் நிறைய செய்யலாம். அது கோணலான மிச்சம், அதுதான் சிக்கல். 1984-இல் ப்ரீஸ்ட், க்ளைன் இருவரும் எழுதிய வாதம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்று இரண்டு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்தால் எதற்குச் செலவு செய்து வழக்கு நடத்த வேண்டும், பேசி முடித்துக்கொள்வார்கள். விசாரணை வரை போவதெல்லாம் இப்படியும் அப்படியும் போகக்கூடிய இழுபறி வழக்குகள். அதனால் இரு தரப்புக்கும் பணயம் ஒன்றே என்றால், சட்டம் வாதிக்குச் சாதகமாக இருந்தாலும் பிரதிவாதிக்குச் சாதகமாக இருந்தாலும், விசாரணையில் வாதி ஜெயிக்கும் விகிதம் 50-ஐ நோக்கியே நகரும். நடைமுறையில் அது அப்படியே 50-இல் வந்து நிற்பதில்லை, பல வகை வழக்குகளில் விலகியே இருக்கிறது, ஆனால் அதன் பின்விளைவை யோசித்துப் பாருங்கள். சட்டத் திருத்தம் வந்தது, வந்த பிறகும் வாதிகள் ஜெயிக்கும் விகிதம் மாறவில்லை, ஆகவே திருத்தத்தால் பயனில்லை என்று ஒரு ஆய்வேடு சொன்னால், அந்த முடிவு காலூன்ற இடமே இல்லை. திருத்தம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கலாம், சமரசத் தொகையில் அது மாறியிருக்கும், அந்தத் தொகை எந்தத் தீர்ப்பிலும் எழுதப்பட்டிருக்காது.

கணக்கியலில் இதே கதை மோசடி ஆய்வில் நடக்கிறது. கம்பெனிகளின் நிதிநிலை அறிக்கையிலிருந்து சில விகிதங்களை எடுத்து, இது தில்லுமுல்லு செய்த கம்பெனியா இல்லையா என்று கணித்துச் சொல்லும் மாதிரி (model) கட்டுவது பழைய வழக்கம். 1999-இல் பெனிஷ் வெளியிட்டதுதான் பெயர் பெற்றது: தில்லுமுல்லு செய்தவை என்று அடையாளம் காணப்பட்ட 74 கம்பெனிகள், 8 விகிதங்கள், அதிலிருந்து ஒரு மதிப்பெண். இப்போது அதே வேலையைப் பெரிய தரவுகளோடும் இயந்திரக் கற்றலோடும் செய்கிறார்கள். மோசடிக்கான முத்திரை மட்டும் பெரும்பாலும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது, அதாவது ஒழுங்குமுறை அமைப்பு நடவடிக்கை எடுத்த கம்பெனி. நடவடிக்கை எடுக்காத கம்பெனி எல்லாம் யோக்கியமான கம்பெனி என்று தரவில் பூஜ்யமாகப் பதிவாகிவிடும். பிடிபட்டதற்கும் பிடிபடாததற்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மாதிரி கற்றுக்கொள்கிறது, நாமோ அதை மோசடிக்கும் நேர்மைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் என்று எழுதுகிறோம். ஒழுங்குமுறை அமைப்பு பெரிய கம்பெனிகளை அதிகம் பார்க்கிறது என்றால், பெரிதாக இருப்பதே மோசடியின் அடையாளம் என்று மாதிரி சொல்லும்.

பிடிபடாத மோசடியை எப்படி எண்ணுவது? முடியாத காரியம் போலத்தான் தோன்றும். டைக், மோர்ஸ், ஜிங்காலஸ் மூவரும் 2023-இல் வெளியான கட்டுரையில் ஒரு வழி கண்டார்கள், அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 2002-இல் ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம் விழுந்தது. அதன் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வேறு ஆடிட்டரிடம் போயே ஆக வேண்டிய கட்டாயம். புதிய ஆடிட்டருக்கு முந்தையவரின் தவறைத் தன் தலையில் கட்டிக்கொள்ள ஆசை இருக்காது, துருவித் துருவிப் பார்ப்பார். பத்திரிகைகளும் முதலீட்டாளர்களும் அந்தக் கம்பெனிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் கம்பெனிகளைத் தனித்தனியாகச் சந்தேகப்பட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆடிட்டர் போனதால் மொத்தமாகச் சோதனைக்குள் வந்துவிட்டார்கள். ஆண்டர்சனின் வாடிக்கையாளர்கள் மற்றவர்களைவிட மோசமானவர்கள் இல்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டு, இவர்களிடம் வெளிவந்த மோசடியையும் மற்றக் கம்பெனிகளிடம் வெளிவந்ததையும் ஒப்பிட்டார்கள். சாதாரண காலத்தில் மூன்றில் ஒரு மோசடிதான் பிடிபடுகிறது என்று வந்தது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, பெரிய பங்குச்சந்தைக் கம்பெனிகளில் எந்த ஒரு வருடத்திலும் சராசரியாக 10 சதவீதம் முதலீட்டாளர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்று மதிப்பிட்டார்கள். எண்ணில் யாரும் சண்டை போடலாம், வழியில் குறை சொல்வது கடினம்.

இதே வழியை மருத்துவப் படிமத் துறையினர், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் பக்கத்து ஆட்கள், 1983-லேயே எழுதி வைத்துவிட்டார்கள் என்று சொன்னால் கணக்கியல் மாணவர்கள் நம்புவதில்லை. காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். எண்கள் நானாக எடுத்துக்கொள்பவை, வசதிக்காக.

1,000 பேர் ஸ்கேன் எடுக்கிறார்கள். உண்மையில் நோய் உள்ளவர்கள் 100 பேர். ஸ்கேன் அவர்களில் 70 பேரைப் பிடிக்கிறது, 30 பேரை விட்டுவிடுகிறது. நோயில்லாத 900 பேரில் 90 பேருக்குத் தவறாக நோய் என்கிறது, 810 பேருக்குச் சரியாக இல்லை என்கிறது. ஆக ஸ்கேனின் உண்மையான உணர்திறன் 70 சதவீதம், நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன் 90 சதவீதம். ஆனால் இது கடவுளுக்குத்தான் தெரியும், நமக்குப் பயாப்சி செய்தால்தான், அதாவது ஊசியால் திசுவை எடுத்துச் சோதித்தால்தான், தெரியும். ஸ்கேனில் நோய் என்று வந்த 160 பேருக்கும் பயாப்சி செய்வார்கள். இல்லை என்று வந்த 840 பேருக்கு எதற்கு ஊசி? வேறு அறிகுறி இருக்கிறது, டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை என்று பத்தில் ஒருவருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம், 84 பேர். எளிமைக்காக இந்தப் பத்தில் ஒருவர் சமமாகவே விழுகிறார்கள் என்றால், அதில் நோய் உள்ளவர் 3, இல்லாதவர் 81.

இப்போது ஆய்வாளர் கைக்கு வருவது பயாப்சி முடிவு உள்ளவர்கள் மட்டும். அவர் கணக்கில் நோயாளிகள் 73 பேர், அதில் 70 பேரை ஸ்கேன் பிடித்திருக்கிறது. உணர்திறன் 96 சதவீதம்! நோயில்லாதவர் 171 பேர், அதில் 81 பேரைத்தான் ஸ்கேன் சரியாகச் சொன்னது, 47 சதவீதம். எந்த எண்ணிலும் பொய் இல்லை, எந்தப் படத்தையும் யாரும் தவறாகப் படிக்கவில்லை, ஆனால் 70 என்பது 96 ஆகிவிட்டது, 90 என்பது 47 ஆகிவிட்டது. யாருக்குப் பயாப்சி என்பதை ஸ்கேன் முடிவே தீர்மானித்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பெக், க்ரீன்ஸ் இருவரும் 1983-இல் காட்டிய திருத்தம் இதைத் திரும்பப் பிரித்துக் காட்டுவதுதான். பத்தில் ஒருவர்தான் சோதிக்கப்பட்டார் என்று தெரிந்தால் அந்த 84 பேரைப் பத்தால் பெருக்கு, 3 என்பது 30 ஆகும், 81 என்பது 810 ஆகும், பழைய எண்கள் திரும்பி வந்துவிடும். பெருக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு: ஸ்கேன் இல்லை என்றவர்களில் யார் சோதிக்கப்பட்டார்கள் என்பதை, நோயோடு தொடர்புள்ள, நாம் பதிவு செய்யாத வேறு எதுவும் தீர்மானித்திருக்கக் கூடாது. டாக்டரின் உள்ளுணர்வு அதைத் தீர்மானித்திருந்தால் பெருக்கல் பொய்யாகும்.

ஆண்டர்சன் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயாப்சிக்குப் பதில் தீவிரத் தணிக்கை, நோய்க்குப் பதில் மோசடி. சந்தேகம் தேர்ந்தெடுக்காத ஒரு குழுவுக்குச் சோதனை முழுமையாக நடந்தது, அதை வைத்து மற்றவர்களைத் திருத்திக்கொண்டார்கள். இந்த ஒற்றுமையைக் கண்ட பிறகு நான் மோசடி மாதிரி கட்டும் ஒவ்வொருவரிடமும், உங்கள் துறையில் பயாப்சி எது, அது யாருக்கு நடந்தது என்று கேட்கிறேன். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போகிறது.

படிமத் துறையினர் இதில் முன்னோடிகள்தான் என்றாலும், செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு பழைய பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் மாதிரிகளை வெவ்வேறு ஆஸ்பத்திரிகளின் படங்களில் சோதித்தது. ஒரு ஆஸ்பத்திரியின் தொகுப்பில் நிமோனியா 34 சதவீதம், மற்ற இரண்டில் ஏறத்தாழ 1 சதவீதம். மூன்றையும் கலந்து பயிற்சி கொடுத்தால் மாதிரி என்ன செய்யும்? படம் எந்த ஆஸ்பத்திரியுடையது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அந்த மாதிரியால் ஆஸ்பத்திரியை ஏறத்தாழத் தவறே இல்லாமல் சொல்ல முடிந்தது. படுக்கையில் இருக்கிறவரை அசைக்க முடியாமல் அறைக்கே எடுத்துப் போகும் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறது அல்லவா, அதில் எடுத்த படம் என்றால் நோயாளி கடுமையான நிலையில் இருக்கிறார் என்று பொருள். நுரையீரலைப் பார்க்காமலேயே அந்தத் தகவல் படத்தின் ஓரத்தில் கிடைத்துவிடுகிறது. அந்த நோயாளி அந்த இயந்திரத்தின் முன்னால் எப்படி வந்தார் என்பது படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, மாதிரி அதைப் படித்தது. வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் திறன் குறைந்தது.

பரிசோதனை முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கேன் மூலம் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோயாளிகள், கண்டுபிடித்த நாளிலிருந்து நீண்ட காலம் வாழ்ந்தார்கள் என்று எழுதினால், கடிகாரத்தை முன்னாலேயே தொடங்கிவிட்டீர்கள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. இறந்த தேதி அதேதான் என்றாலும் இடைவெளி கூடும். மெதுவாக வளரும் கட்டிதான் முகாமில் சிக்க அதிக வாய்ப்பு என்பது அடுத்தது, வேகமாக வளர்வது இரண்டு முகாம்களுக்கு நடுவில் வந்து ஆளை வீழ்த்திவிடும். இந்த இரண்டையும் சூத்திரத்தால் சரிக்கட்ட முடியாது என்பதால்தான் 53,454 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.டி., மறு பக்கத்துக்கு மார்பு எக்ஸ்ரே என்று கொடுத்து, உயிரோடு இருந்த காலத்தை விட்டுவிட்டு மரணங்களை எண்ணினார்கள். 2011-இல் வந்த முடிவு: சி.டி. பக்கத்தில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு. அந்த 20-ஐ நான் நம்புகிறேன்.

உணவு அறிவியலுக்கு வருகிறேன். இந்த நால்வரில் குலுக்கலை மிகவும் மதிக்கிறவர்கள் இவர்கள்தான், அந்தக் கண்ணியத்துக்கு உரிய பாராட்டு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. சர்க்கரையைக் குறைத்த பிஸ்கட்டுக்கும் பழைய பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சுவைக்கிறவர் முன் மூன்று தட்டு, இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று இலக்க எண், 1, 2, 3 என்று போட்டால் முதலாவது நல்லது என்ற எண்ணம் வந்துவிடும் என்பதால். சாவடியில் சிவப்பு விளக்கு, நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதால். வரிசை ஆறு விதமாக வரலாம், ஆறும் சம அளவில் சுவைப்பவர்களுக்குப் பகிரப்படும். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்வார் என்பதால், 30 பேரில் 15 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று ஏற்பார்கள், வெறும் ஊகத்தால் அப்படி வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்பதால். பரோல் வாரியத்தில் கேட்காமல் விட்ட வரிசைக் கேள்வியை இவர்கள் ஒரு பிஸ்கட்டுக்குக் கேட்கிறார்கள்!

ஆனால் சாவடிக்குள் இவ்வளவு கவனம் இருக்க, சாவடிக்கு வந்தவர் யார் என்பதில் கவனம் தளர்ந்துவிடுகிறது. காப்பி சுவைக்க ஆள் தேவை என்று அறிவிப்பு ஒட்டினால் காப்பி பிரியர்தான் வருவார். 9 புள்ளி விருப்ப அளவுகோலில் அவர் கொடுக்கும் 7-ஐ வைத்து மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுத முடியாது. பயிற்சி பெற்ற சுவைக்குழுவிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்பது அதைவிட மோசம், அவர்களைத் தேர்ந்தெடுத்ததே நம்மைவிட நுட்பமான நாக்கு என்பதற்காகத்தானே.

நுண்ணுயிரிப் பக்கம் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது. உணவில் எத்தனை பாக்டீரியா என்று எண்ண, தட்டில் அகர் என்ற சத்துள்ள கூழை ஊற்றி வளர்த்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள். முளைக்காதது கணக்கில் வராது. முளைக்காதது என்றால் செத்தது என்று நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் ரீட்டா கோல்வெல்லின் குழு காலரா கிருமியையும் இ.கோலையையும் வைத்துக் காட்டியது, உயிரோடு இருந்துகொண்டே தட்டில் வளர மறுக்கும் நிலை ஒன்று உண்டு என்று. அதைவிட அன்றாடமானது காயம்பட்ட செல். சூடு படுத்திய உணவில் சில செல்கள் சாகாமல் காயத்தோடு தப்பிவிடும். வேண்டாத கிருமிகளை அடக்க மருந்து கலந்த தேர்வு ஊடகத்தில் இவற்றை நேரே போட்டால் அந்த மருந்தே இவற்றையும் அடக்கிவிடும், தட்டு சுத்தமாக இருக்கும், சூட்டு முறை அருமையாக வேலை செய்தது என்று முடிவு வரும். உணவுக்குள் அவை தேறி எழுந்து பெருகும். அதனால்தான் சால்மோனெல்லா தேடும்போது முதலில் எந்தத் தடையும் இல்லாத பெப்டோன் நீரில் ஏறத்தாழ 18 மணி நேரம் வைத்துத் தேறவிட்டு, பிறகு தேர்வு ஊடகத்துக்கு மாற்றுகிறார்கள். தட்டுக்கு வர முடியாதவரை வர வைத்துவிட்டு எண்ணுகிறார்கள். வழக்கு ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு நீர் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் பலரும் பொருளியலாளர் ஹெக்மனிடம் ஓடுகிறார்கள். தரவுக்குள் யார் வந்தார் என்பதால் விழும் கோணலைச் சரிசெய்ய 1979-இல் அவர் எழுதிய தேர்வுத் திருத்தம், 2000-இல் நோபல் பரிசு, இன்றைய மென்பொருளில் ஒரே கட்டளை. கணக்கியலில் அது வழக்கமான சடங்காகவே ஆகிவிட்டது, மதிப்புரையாளர் கேட்பார், நாமும் ஒரு அட்டவணை சேர்ப்போம். 2012-இல் லெனக்ஸ், ஃபிரான்சிஸ், வாங் மூவரும் இப்படி வந்த கட்டுரைகளை எடுத்து அலசினார்கள். தரவுக்குள் வருவதைப் பாதிக்கும், ஆனால் முடிவை நேரடியாகப் பாதிக்காத ஒரு மாறியாவது இருந்தால்தான் அந்த முறை தாக்குப்பிடிக்கும், அது இல்லாமலோ, இருந்தும் காரணம் சொல்லாமலோ பலர் ஓட்டியிருந்தார்கள். மாதிரியின் அமைப்பில் சின்ன மாற்றம் செய்தால் முடிவின் கூட்டல் கழித்தல் குறியே மாறியது. நான் மாணவர்களிடம் அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன் அந்த மாறி எது என்று ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்வேன். எழுத வராவிட்டால் கட்டளை வேண்டாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது எளிய ஒரு படம். நோய் கண்டறியும் சோதனைகளைப் பற்றிய கட்டுரைகளுக்கு 2003-இல் வந்து 2015-இல் புதுப்பிக்கப்பட்ட ஸ்டார்ட் (STARD) நெறிமுறை, ஒரு பாய்வுப் படம் கேட்கிறது: தகுதியானவர் எத்தனை, சேர்ந்தவர் எத்தனை, சோதனை நடந்தவர் எத்தனை, உண்மை தெரிந்தவர் எத்தனை, விட்டுப்போனவர் ஏன் விட்டுப்போனார். கணக்கியலில் இதற்கு ஒரு பழைய அண்ணன் உண்டு, கட்டுரையின் முதல் அட்டவணையில் இத்தனை கம்பெனியில் தொடங்கி இதையெல்லாம் கழித்தேன் என்று காட்டுவது. 1968-இல் பால், ப்ரவுன் இருவரும் 261 கம்பெனிகளை வைத்து எழுதிய அடிப்படைக் கட்டுரையிலேயே, இளம் கம்பெனிகளும் நொடித்துப்போனவையும் எங்கள் தொகுப்பில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சட்ட ஆய்வேடுகளில்தான் இந்தப் படத்தை அரிதாகப் பார்க்கிறேன். அதனால் இப்போதெல்லாம் தீர்ப்புகளோடு வருகிறவர்களிடம், தட்டச்சு செய்யத் தொடங்குவதற்கு முன் அதை வரையச் சொல்கிறேன். மேலே பாதிப்பு, அடுத்து குறை கேட்டவர், வக்கீலிடம் போனவர், வழக்குப் போட்டவர், சமரசத்தில் முடிந்தது, தீர்ப்பு வந்தது, அந்தத் தீர்ப்பு தொகுப்பில் ஏறியது, தேடல் சொல்லில் சிக்கியது. மேலே உள்ள மூன்று நாலு கட்டங்களுக்கு எண் கிடைக்காது, கேள்விக்குறி போடச் சொல்கிறேன். பிறகு ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் பக்கத்தில், இங்கே உதிர்ந்தவர்கள் மிஞ்சியவர்களைப் போன்றவர்களா, இல்லையென்றால் என் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று இரண்டு வரி. கைக்கு வந்த தீர்ப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று ஆய்வுக் கேள்வியையே மாற்றிக்கொள்பவர்களும் உண்டு, அது முழுக்க நியாயமான முடிவு. நீதிபதிகள் எப்படி எழுதுகிறார்கள் என்ற கேள்விக்குத் தீர்ப்புகள் போதும். சட்டம் மக்களுக்கு என்ன செய்தது என்ற கேள்வியோடுதான் இருப்பேன் என்கிறவர்களை, படத்தோடு நேரே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்கும் சமரச மையத்துக்கும் போய், இந்தக் கட்டங்களில் எதற்காவது பதிவேடு இருக்கிறதா என்று கேட்டுவரச் சொல்கிறேன்.